பழைய சிப்பும் புதிய விலையும்: கையடக்கக் கன்சோல் அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்



கைக்குள் அடங்கும் விளையாட்டுக் கருவிகளின் வயதையும் வேகத்தையும் விலையையும் குறித்து நீங்கள் பல ஆண்டுகளாக இரு கட்சியாகப் பிரிந்து நடத்திவரும் விவாதத்தை, அக்கருவிகளின் மீது எனக்குள்ள பிரியத்தினால், மிகுந்த கவனத்தோடு தொடர்ந்து வந்திருக்கிறேன். 2017ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் தேதி வெளிவந்த நிண்டெண்டோ ஸ்விட்ச், வெளிவந்த அன்றே பழையதாகிவிட்ட சிப்பைச் சுமந்து வந்தது என்றும், அதை எட்டு ஆண்டுகளுக்கு மேல் முதன்மைக் கருவியாக விற்றது வாங்குவோரின் பொறுமையைச் சோதித்த காரியம் என்றும் ஒரு கட்சியார் வாதிக்கிறீர்கள். பதினைந்து கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் விற்றுப் போயிருக்கும்போது சிப்பின் வயதை ஆராய்வதனால் பிரயோஜனம் ஏதுமில்லை என்றும், விளையாட்டு இன்பம் தந்தால் அதுவே போதிய நியாயம் என்றும் மற்றக் கட்சியார் மறுமொழி கூறுகிறீர்கள். இரு கட்சியாரிடத்திலும் பாதிப் பாதியாக உண்மை இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். நன்கு பழகிய பாகங்களைக் கொண்டு ஒரு கருவியை அமைப்பது நல்ல தொழில் முறைகளுள் ஒன்று. அம்முறைக்கு நியாயம் அளிப்பது அதன் குறைந்த விலை. பாகங்கள் முதுமை அடைய அடைய விலை ஏறிக்கொண்டு போகுமானால் அந்த நியாயம் அடியோடு அழிந்து போகிறது. இந்த ஒரு விஷயத்தையே உங்கள் முன் விரிவாக எடுத்து வைக்க விரும்புகிறேன்.

முதலில் சிப்பின் சங்கதியை நிதானமாகப் பார்ப்போம். ஸ்விட்சின் உள்ளே இருப்பது என்விடியா நிறுவனத்தின் டெக்ரா எக்ஸ்1. இது 2015 ஜனவரியில் உலகுக்கு அறிமுகமாகி, அதே ஆண்டில் அந்நிறுவனத்தின் ஷீல்டு தொலைக்காட்சிக் கருவியிலும் இடம்பெற்றது. ஆகவே ஸ்விட்ச் கடைக்கு வந்தபோது இதற்கு வயது இரண்டு. 20 நானோமீட்டர் முறையில் வார்க்கப்பட்ட அந்தச் சிப்பில் விளையாட்டுக்குப் பயன்படும் நான்கு கார்டெக்ஸ் ஏ57 மையங்களும், 256 கிராபிக்ஸ் மையங்களும் இருந்தன. அதனோடு 4 ஜிபி நினைவகம், 32 ஜிபி சேமிப்பு, 1280க்கு 720 புள்ளிகள் கொண்ட 6.2 அங்குலத் திரை. இந்தச் சக்தியையும் நிண்டெண்டோ முழுமையாக உபயோகிக்கவில்லை. இரண்டு கிகாஹெர்ட்ஸை நெருங்கக்கூடிய மையங்களை ஏறத்தாழ ஒரு கிகாஹெர்ட்ஸிலும், ஆயிரம் மெகாஹெர்ட்ஸ் செல்லக்கூடிய கிராபிக்ஸ் பகுதியைத் தொலைக்காட்சியோடு இணைத்திருக்கும்போது 768 மெகாஹெர்ட்ஸிலும், கையில் வைத்திருக்கும்போது அதிலும் பாதியை ஒட்டிய வேகத்திலும் ஓட்டியது.

இதை உலோபித்தனம் என்று பழிப்பவர்கள் கையடக்கக் கருவியின் அடிப்படை விதியை மறந்து பேசுகிறார்கள். சிப்பின் வேகத்தை உயர்த்த வேண்டுமானால் பெரும்பாலும் அதற்கு ஊட்டும் மின்னழுத்தத்தையும் உயர்த்த வேண்டும். செலவாகும் மின்சக்தியோ வேகத்தோடு மட்டுமின்றி மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் சேர்ந்து பெருகுவது. அவ்வாறு செலவான சக்தி முழுவதும் உஷ்ணமாக மாறி, சிறு விசிறி ஒன்றின் துணையோடு, நம் உள்ளங்கைக்கு அருகே வெளியேற வேண்டியது. வேகத்தில் கால்பங்கு கூட்டினால் சிப்பின் மின்செலவு அதைவிட அதிகமாகவே கூட நேரும். 4310 மில்லி ஆம்பியர் மணிப் பேட்டரியோடு வந்த முதல் ஸ்விட்ச், விளையாட்டுக்குத் தக்கவாறு இரண்டரை மணி முதல் ஆறரை மணி வரை ஓடியது. 2019இல் அதே சிப்பை 16 நானோமீட்டர் முறையில் மறுவார்ப்பு செய்தபோது கிடைத்த லாபம் முழுவதையும் நிண்டெண்டோ பேட்டரியின் கணக்கிலேயே வரவு வைத்தமையால், ஓடும் நேரம் நாலரை மணி முதல் ஒன்பது மணி வரை நீண்டது. வேகம் முன்போலவே இருந்தது. முன்பு வாங்கியவர்களின் கருவி ஒரே நாளில் இளைத்துப் போகாதபடி எடுத்த அந்தத் தீர்மானம் நல்ல தீர்மானம் என்றே நான் கருதுகிறேன்.

இவ்விதச் சிக்கனத்துக்கு ஒரு கௌரவமான பரம்பரை உண்டு. 1980இல் நிண்டெண்டோவின் கேம் அண்ட் வாட்ச் கருவிகளையும், அதன்பின் தம் குழுவினரோடு கேம் பாயையும் உருவாக்கிய குன்பெய் யோகோய், நன்கு பழகி விலை மலிந்துவிட்ட தொழில்நுட்பத்தை எவரும் எதிர்பாராத வழியில் உபயோகிக்க வேண்டும் என்பதையே தம் தொழிலின் சித்தாந்தமாகக் கொண்டிருந்தார். 1989 ஏப்ரலில் ஜப்பானில் 12,500 யென்னுக்கும், அவ்வாண்டின் கோடையில் அமெரிக்காவில் 89.95 டாலருக்கும் வந்த கேம் பாய்க்கு வண்ணம் கிடையாது, பின்னொளி கிடையாது, 160க்கு 144 புள்ளிகளில் நான்கே நான்கு நிறச்சாயல்கள், அதன் செயலியின் வேகம் நாலேகால் மெகாஹெர்ட்ஸுக்கும் சற்றுக் குறைவு. அதே ஆண்டில் வந்த அட்டாரி லிங்க்ஸும், மறு ஆண்டில் வந்த சேகா கேம் கியரும் வண்ணத்திரையும் பின்னொளியும் கொண்டு ஜொலித்தன. ஆனால் அவற்றின் விலை கேம் பாயைவிடப் பெரிதும் கூடுதல். ஆறு பென்சில் பேட்டரிகளை அவை சில மணி நேரத்தில் குடித்துத் தீர்த்தபோது, கேம் பாய் நான்கே பேட்டரிகளில் பத்து மணிக்கு மேல் ஓடியது. கேம் பாயும் அதன் வண்ண வாரிசும் சேர்ந்து ஏறத்தாழ பதினொரு கோடியே எண்பத்தேழு லட்சம் விற்றன. யோகோயின் வெற்றியை எடுத்துக்காட்டும்போது பழைய பாகத்தை மட்டும் நினைவுகூர்ந்து, அந்தப் பாகத்தினால் கிடைத்த மலிவையும் நீண்ட ஓட்டத்தையும் மறந்துவிடுவது பெரும் பிழை. அவருடைய சித்தாந்தத்தில் இவை மூன்றும் பிரிக்க முடியாதபடி பிணைந்திருந்தன.

முதுமையடைந்த யந்திரத்தில் கலை செழிக்காது என்று சொல்லும் முதற் கட்சியாருக்குச் சரித்திரம் தெளிவான மறுப்பைத் தருகிறது. போக்கிமான் வரிசையின் முதல் ஆட்டங்கள் ஜப்பானில் வெளிவந்தது 1996 பிப்ரவரி 27. அன்று கேம் பாய்க்கு வயது ஏறத்தாழ ஏழு. பலரும் அந்திமக் காலம் என்று எண்ணியிருந்த கருவிக்கு அந்த ஆட்டங்களே புனர்ஜன்மம் அளித்தன. இரண்டு கருவிகளை ஒரு கம்பியால் இணைத்து ஒருவருக்கொருவர் பிராணிகளைப் பரிமாறிக்கொள்ளும் அந்த ஏற்பாட்டுக்கு அதிவேகச் சிப் தேவைப்படவில்லை. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருப்பவனிடமும் அதே கருவி இருக்க வேண்டும் என்பதே தேவைப்பட்டது. அதைச் சாத்தியமாக்கியது விலை. ஸ்விட்சின் காலத்திலும் இதே உண்மை விளங்கிற்று. 2015இல் பெரிய யந்திரங்களுக்காகச் செய்த தி விட்சர் 3 ஆட்டத்தை 2019 அக்டோபரில் ஒரு 32 ஜிபி கார்ட்ரிட்ஜுக்குள் அடக்கிக் காட்டினார்கள். 2023 மே 12ஆம் தேதி, கருவிக்கு ஆறு வயது நிரம்பிய பின், செல்டா வரிசையில் டியர்ஸ் ஆஃப் தி கிங்டம் வந்தது. கண்ணில் படும் பொருள்களை எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி வண்டியாகவும் பாலமாகவும் பறக்கும் ஓடமாகவும் ஆட்டக்காரனே அமைத்துக்கொள்ளும்படி செய்த அந்த ஆட்டம், நான்கு ஜிபி நினைவகத்துக்குள் நிகழ்ந்த ஓர் அற்புதம் என்பதை எவரும் மறுக்க முடியாது.

ஆயினும் இரண்டாம் கட்சியாரே, உங்களிடமும் எனக்கு ஒரு முறையீடு உண்டு. அற்புதம் நிகழ்த்தும் கலைஞர்கள் இருக்கிறார்கள் என்பதனால் யந்திரத்தின் குறை இல்லாமற் போய்விடாது. வினாடிக்கு 60 தடவை புதுப்பிக்கப்படும் திரையில் முப்பது ஃபிரேம் வேகத்தில் ஓடும் ஆட்டம், ஒவ்வொரு ஃபிரேமையும் ஏறத்தாழ 33 மில்லி வினாடிக்குள் தயாரித்தாக வேண்டும். ஒரு ஃபிரேம் சற்றே தாமதித்து 34 மில்லி வினாடி எடுத்துக்கொண்டால், திரையின் புதுப்பிப்போடு கண்டிப்பாகப் பொருந்தி ஓடும் ஆட்டத்தில் அது அடுத்த புதுப்பிப்பு வரை காத்திருந்து 50 மில்லி வினாடி கழித்தே கண்ணுக்குத் தெரியும். அதாவது யந்திரம் ஒரு மில்லி வினாடி பின்தங்கினாலும் நம் அனுபவம் முப்பதிலிருந்து இருபதுக்கு வீழ்ந்துவிடும். அந்த வீழ்ச்சியைக் கைகள் உணர்கின்றன; பொத்தானை அழுத்தியதற்கும் திரையில் அசைவு தோன்றுவதற்கும் இடையே நீளும் கணத்தில் ஆட்டத்தின் இனிமை கலைகிறது. இதைக் குறைகூறுபவர்களை வெறும் எண்களின் அடிமைகள் என்று இகழ்வது நியாயமாகாது.

2022 நவம்பரில் வந்த போக்கிமான் ஸ்கார்லெட், வயலெட் ஆட்டங்களை எண்ணிப் பாருங்கள். தூரத்தில் நடப்பவர்கள் அசைவு அறுந்து தத்தித் தத்திச் சென்றார்கள். பொருள்கள் கண்முன் திடீரெனத் தோன்றி மறைந்தன. செயல்திறனில் குறைகள் இருப்பதை வெளியீட்டாளரே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. இருந்தும் முதல் மூன்று நாளிலேயே ஒரு கோடிப் பிரதிகள் விற்றுவிட்டமையால், குறையைத் திருத்தும் அவசரம் சந்தையிலிருந்து எழவில்லை. 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2 கருவியில் அதே ஆட்டங்கள் ஓர் இலவசப் புதுப்பிப்புக்குப் பின் அறுபது ஃபிரேமில் சீராக ஓடின. செல்டா ஆட்டங்களும் அவ்வாறே ஓடின, ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனியாக 9.99 டாலர் கட்டணம் அல்லது சந்தா கேட்கப்பட்டது. இத்தனை காலமும் அந்த ஆட்டங்களைக் கட்டிப்போட்டிருந்தது பழைய யந்திரத்தின் தளையும், அதற்குள் ஆட்டத்தைச் செம்மைப்படுத்தப் போதிய காலம் ஒதுக்காமையுமே என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை.

இனி விலைக்கு வருகிறேன். இந்த விவாதத்தின் உயிர்நிலை இதுவே. விளையாட்டுக் கருவிகளின் உலகில் முன்பு ஒரு நல்ல வழக்கம் இருந்தது. 2000இல் அமெரிக்காவில் 299 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 2, சிப்புகள் சுருங்கச் சுருங்க விலை இறங்கி, 2009இல் 99 டாலருக்குக் கிடைத்தது. முதல் வருஷத்தில் வாங்க இயலாத குடும்பத்தார், காத்திருந்து வாங்கி மகிழ்ந்தார்கள். கையடக்கக் கருவிகளில் இன்னும் துலக்கமான உதாரணம் நிண்டெண்டோ 3டிஎஸ். 2011 மார்ச்சில் அமெரிக்காவில் 249.99 டாலருக்கு வந்த அது விற்காமல் தேங்கியபோது, ஆறு மாதத்துக்குள் அதன் விலையை 169.99 டாலராகக் குறைத்து, முன்பே வாங்கியவர்களுக்கு இருபது பழைய ஆட்டங்களை இலவசமாகக் கொடுத்து, நிறுவனத்தின் தலைவர் சடோரு இவாட்டா தம் சம்பளத்தில் பாதியையும் வெட்டிக்கொண்டார். யந்திரத்தில் யாதொரு மாறுதலும் இல்லை. விலையும் நல்ல ஆட்டங்களும் சேர்ந்து அக்கருவியைக் காப்பாற்றி ஏழரைக் கோடிக்கு மேல் விற்கச் செய்தன. அதே காலத்தில் சோனியின் பிளேஸ்டேஷன் வீட்டா, எவரும் வியக்கும் ஓஎல்இடி திரையோடும் உயர்ந்த சிப்போடும் வந்தும் தோல்வி கண்டது; தனக்கே உரிய மெமரி கார்டுகளை மிகுந்த விலைக்கு வாங்கும்படி வற்புறுத்தியதும் அதற்கு ஒரு காரணமாயிற்று. முப்பத்திரண்டு ஜிபி கார்டு ஒன்றுக்கு 99.99 டாலர் கேட்டார்கள்.

ஸ்விட்சின் விஷயத்தில் இந்த வழக்கம் தலைகீழாயிற்று. அமெரிக்காவில் 299.99 டாலர் என்ற அதன் பட்டியல் விலை, ஐரோப்பாவில் 2021இல் சிறிது இறக்கப்பட்டபோதும், அசையாமல் நின்று, 2025 ஆகஸ்டில் 339.99 டாலராக ஏறிற்று. ஓஎல்இடி திரையுள்ள வகை 349.99இலிருந்து 399.99 ஆயிற்று, குழந்தைகள் பலருக்கு முதற் கருவியாக அமைந்த சிறிய லைட் வகையும் 199.99இலிருந்து 229.99க்கு உயர்ந்தது. இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் நியாயங்களை நான் ஒதுக்கிவிடவில்லை. 2017க்கும் 2025க்கும் இடையே அமெரிக்காவின் பொது விலைவாசி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயர்ந்திருக்கிறது. 28 நானோமீட்டர் கட்டத்தைத் தாண்டிய பின் டிரான்சிஸ்டர் ஒன்றின் விலை முன்போல் விரைந்து இறங்குவதில்லை. 2025இல் வந்த இறக்குமதி வரிகள் எல்லா மின்னணுப் பொருள்களையும் உலுக்கின. இவை யாவும் மெய்.

ஆனால் இந்த நியாயங்களை எல்லாம் ஏற்றுக்கொண்ட பிறகும் எஞ்சி நிற்கும் கணக்கு ஒன்று உண்டு. 2025இல் 449.99 டாலருக்கு வந்த ஸ்விட்ச் 2 கருவியில் நினைவகம் மும்மடங்கு, கிராபிக்ஸ் மையங்கள் ஆறு மடங்கு, சேமிப்பு முதல் ஸ்விட்சைப் போல எட்டு மடங்கு. அதற்கும் பழைய ஓஎல்இடி ஸ்விட்சுக்கும் இடையே அப்போது இருந்த வித்தியாசம் ஐம்பதே டாலர். குறைந்த பணம் படைத்தவருக்குப் புகலிடமாக இருக்க வேண்டிய பழைய கருவி, புதிய கருவியின் வாசற்படியிலேயே வந்து உட்கார்ந்துவிட்டால், பழைய பாகத்தினால் வாங்குவோர் அடைந்த அனுகூலம் யாது? பத்து ஆண்டு வயதான சிப்பின் குறைகளை எல்லாம் பொறுத்துக்கொள்ளும் தியாகம் வாங்குவோருடையது; அதன் மலிவினால் வரும் ஆதாயம் முழுவதும் விற்போருடையது என்று ஆகிவிடுகிறது. யோகோயின் பெயரைச் சொல்லி இதை நியாயப்படுத்த எவருக்கும் உரிமை இல்லை.

வேறு வழி உண்டு என்பதற்கு வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக் சான்று. 2022 பிப்ரவரியில் 64 ஜிபி சேமிப்போடு 399 டாலருக்கு வந்த அக்கருவி, 2023 நவம்பரில் ஓஎல்இடி வகை 549 டாலருக்கு வெளியானபோது, அதே 399 டாலருக்கு 256 ஜிபி தரத் தொடங்கிற்று. புதிய வகையிலும் சிப்பின் வேகத்தை ஏறக்குறைய முன்போலவே வைத்து, பேட்டரியை 40 வாட்-மணியிலிருந்து 50ஆக வளர்த்தார்கள். மேலும், திரையை வினாடிக்கு 40 தடவை புதுப்பிக்கும்படி அமைத்துக்கொள்ளும் சௌகரியத்தை ஆட்டக்காரனுக்கே கொடுத்திருக்கிறார்கள். நாற்பது ஃபிரேமில் ஒரு ஃபிரேமுக்குரிய காலம் 25 மில்லி வினாடி. அது முப்பதின் 33க்கும் அறுபதின் 17க்கும் சரிநடுவில் நிற்பதால், அறுபதுக்குரிய சக்தியைச் செலவிடாமலேயே அசைவில் பெரும்பகுதி மென்மை கிட்டிவிடுகிறது. மறுகோடியில், 2025 அக்டோபரில் வந்த எக்ஸ்பாக்ஸ் ஆலி எக்ஸ், 24 ஜிபி நினைவகத்தோடும் 80 வாட்-மணிப் பேட்டரியோடும் 999.99 டாலர் விலை கூறிற்று. சக்தியையே எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்கும் முதற் கட்சியார், அந்தக் கோரிக்கை கடைசியில் போய் முடியும் இடம் இது என்பதையும் கண் திறந்து பார்க்க வேண்டும்.

சிப்பின் முதுமையைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், உடலின் முதுமையைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகிறோம் என்பது எனக்கு உண்மையான வருத்தம். சிப் தேய்வதில்லை, விரல் படும் அனலாக் குச்சி தேய்கிறது, பேட்டரி சுருங்குகிறது. ஸ்விட்சின் ஜாய்-கான் குச்சிகள் தொடாமலேயே நகரும் கோளாறு பரவி, 2020 ஜூனில் நிண்டெண்டோவின் தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா வருத்தம் தெரிவித்தார். 2023இல் ஐரோப்பிய ஆணையத்தின் தலையீட்டால் அங்கே உத்தரவாதக் காலம் கடந்தும் இலவசமாகப் பழுது நீக்கித்தர உடன்பாடு ஏற்பட்டது. உராய்வின்றிக் காந்தப்புலத்தால் அசைவை அளக்கும் ஹால் எஃபெக்ட் குச்சிகள் உலகில் இருந்தும், 2025இல் வந்த ஸ்விட்ச் 2 கருவியில் அவை இல்லை. அதன் பேட்டரியோ பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. 3டிஎஸ் கருவியின் இணையக் கடை 2023 மார்ச் 27இல் விற்பனையை நிறுத்தியது; 2024 ஏப்ரலில் பெரும்பாலான இணைய ஆட்டங்களும் ஓய்ந்தன. ஒரு கருவி உண்மையில் மரணமடைவது இத்தகைய வழிகளில்தான். மெகாஹெர்ட்ஸ் போதாமல் மாண்ட கருவி அபூர்வம்.

ஆகவே, அன்பர்களே, ஒருவரை ஒருவர் வெல்வதற்காகச் செலவிடும் சக்தியை மூன்று கோரிக்கைகளாகத் திரட்டி, கருவி செய்வோர் அனைவரின் முன்பும் ஒருமித்து வைக்குமாறு வேண்டுகிறேன். கருவிக்கு வயது ஏறும்போது விலை இறங்க வேண்டும். இறக்க இயலாத காலத்தில், அதே விலைக்குச் சேமிப்போ திரையோ பேட்டரியோ கூடியாக வேண்டும். இரண்டாவதாக, ஒவ்வோர் ஆட்டத்தின் உறைமேலும், கையில் வைத்து ஆடும்போதும் தொலைக்காட்சியில் ஆடும்போதும் அது எத்தனை புள்ளிகளில், எத்தனை ஃபிரேமில் ஓடும் என்பதைப் பணம் கொடுக்குமுன் தெரியும்படி அச்சிட வேண்டும். மூன்றாவதாக, பேட்டரியையும் குச்சியையும் வாங்கியவரே ஒரு திருப்புளியைக் கொண்டு மாற்றக்கூடியவாறு கருவியை அமைத்து, உதிரிப் பாகங்களைப் பல ஆண்டு விற்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் பேட்டரிச் சட்டம் 2027 பிப்ரவரி 18 முதல் பேட்டரியைப் பொறுத்தமட்டில் இதையே பொது விதியாக்குகிறது. ஐரோப்பாவுக்கு வெளியே உள்ளவர்களுக்கும் அந்த நன்மை கிட்டச் செய்வது நம் ஒற்றுமையைப் பொறுத்தது.

இவற்றைக் கேட்பதற்கு வல்லமை நம்மிடமே இருக்கிறது. 3டிஎஸ்ஸின் விலையை ஆறு மாதத்துக்குள் இறக்கியது வாங்க மறுத்துக் காத்திருந்த மக்களேயன்றி வேறெவரும் அல்லர். பழைய கருவியை மனமார நேசியுங்கள்; அதில் பிறந்த ஆட்டங்களைப் போற்றுங்கள்; ஆனால் பழையதற்குப் புதியதன் விலை கேட்கப்படும்போது, பணப்பையைத் திறக்காமல் காத்திருங்கள்.

இங்ஙனம்,
உங்கள் அன்பன்